ஐரிஷ் பள்ளிக்கூடங்களும் வரிப்பணமும்

அயர்லாந்து தேசத்தில் ஐரிஷ் பாஷை மூலமாகவே எல்லாப் பாடங்களையும் சொல்லிக் கொடுக்கின்ற ஆரம்பப் பள்ளிக்கூடங்களுக்குச் சர்க்கார் வாரி வாரிக் கொடுக்கின்றது என்றும், அதனால் மற்ற சாதாரணப் பள்ளிக்கூடங்களில் படிக்கின்ற பிள்ளைகளின் பங்கு குறைகின்றது என்றும் ஒரு கூச்சல் வெகுகாலமாக இருந்து வருகின்றது. இதற்கு நேர் எதிராக, பாஷாபிமானிகள் என்பவர்களோ, தேசத்தின் முதல் பாஷை என்று அரசியல் சட்டத்தில் எழுதி வைத்துவிட்டு, அந்தப் பாஷையில் படிக்க வருகின்ற பிள்ளைகளை வருஷக்கணக்காய்த் தற்காலிகக் கொட்டகைகளில் உட்கார வைப்பது நியாயமா என்று கேட்கின்றார்கள். இரு கட்சியாரும் கணக்குச் சொல்லுகின்றார்கள். ஆனால் அந்தக் கணக்கில் உள்ள மிகப் பெரிய செலவு ஒன்றைப்பற்றி மாத்திரம் இரு கட்சியாரிலும் பெரும்பாலோர் வாய் திறப்பதில்லை. அது என்ன என்பதைப் பின்னால் சொல்லுவோம்.

அயர்லாந்துக்காரன் வீட்டுச் சண்டை நமக்கு எதற்கு என்று சிலர் கேட்கக்கூடும். 1916-ல் அன்னிபெசண்டு அம்மையார் அடையாறில் இருந்துகொண்டு "ஹோம் ரூல்" என்று ஆரம்பித்தாரே, அந்த வார்த்தையே அயர்லாந்திலிருந்து இரவல் வாங்கியதுதான். வார்த்தையை இரவல் வாங்கினவர்கள் அந்த வீட்டுக்குள் என்ன நடக்கின்றது என்று எட்டிப் பார்ப்பதில் தப்பில்லை. அதுவும் பாஷை, மதம், வரிப்பணம் ஆகிய மூன்றும் ஒரே பள்ளிக்கூடத்துக்குள் முடிச்சுப் போட்டுக்கொண்டு கிடக்கின்ற ஒரு விஷயத்தைச் சுயமரியாதைக்காரர்கள் அவசியம் பார்க்க வேண்டியதென்றே நாம் கருதுகின்றோம்.

முதலாவதாக, அந்தப் பாஷை எப்படிச் சாகும் தறுவாய்க்கு வந்தது என்பதைச் சொல்லியாக வேண்டும். 1831-ல் வெள்ளைக்கார சர்க்கார் அயர்லாந்தில் தேசியப் பள்ளிக்கூடங்கள் என்பதாக ஒரு ஏற்பாட்டைச் செய்தது. பெயர்தான் தேசியமே ஒழிய, அங்கே நடந்ததெல்லாம் இங்கிலீஷ். வீட்டில் ஐரிஷ் தவிர வேறொன்றும் அறியாத பிள்ளையை உட்கார வைத்து இங்கிலீஷிலேயே கூட்டலும் கழித்தலும் போதித்தார்கள். பல ஊர்களில் பிள்ளையின் கழுத்தில் ஒரு குச்சியைக் கட்டி, அவன் ஒரு ஐரிஷ் வார்த்தை பேசுந்தோறும் அதில் ஒரு வெட்டுப் போட்டு, சாயங்காலம் வெட்டுகளை எண்ணி அத்தனை அடி கொடுத்தார்கள். வீட்டில் பேசின பேச்சுக்கும் வெட்டு உண்டு. அதைப் போட்டது யார் என்றால், பல இடங்களில் பெற்ற தாய் தகப்பனே! ஏன் போட்டார்கள்? இங்கிலீஷ் வராத பிள்ளைக்குக் கூலியுமில்லை, கப்பலேறிப் பிழைக்க வழியுமில்லை என்று அவர்களுக்குத் தெரிந்திருந்தது. 1845-ல் ஆரம்பித்த உருளைக்கிழங்குப் பஞ்சத்தில் சுமார் பத்து லட்சம் பேர் செத்தார்கள். இன்னும் பத்து லட்சம் பேர் கடல் கடந்து ஓடினார்கள். செத்தவர்களிலும் ஓடினவர்களிலும் அதிகம் பேர் ஐரிஷ் பேசுகின்ற மேற்குப் பிரதேசத்து ஏழைக் குடியானவர்கள்தான்.

இதில் வெள்ளைக்காரனை மாத்திரம் குற்றம் சொல்லிவிட்டுப் போக நமக்கு இஷ்டமில்லை. ஐரிஷ்காரர்களின் விடுதலை வீரர் என்று கொண்டாடப்படுகின்ற டேனியல் ஓ'கானல் ஐரிஷ் பாஷையைத் தாய்ப்பால் போலக் குடித்து வளர்ந்தவர். அவரே இங்கிலீஷ்தான் பிரயோஜனமானது, ஐரிஷ் மறைந்து போவதைப்பற்றித் தமக்கு விசனமில்லை என்னும் அபிப்பிராயத்தைத் தெரிவித்திருக்கின்றார். ஊர்தோறும் அந்தப் பள்ளிக்கூடங்களை மேற்பார்த்த கத்தோலிக்கப் பாதிரிமார்களோ, தங்கள் மதப் பாடத்துக்கு இடமிருக்கின்றதா என்று பார்த்தார்களே ஒழிய, பிள்ளை எந்தப் பாஷையில் அழுகின்றான் என்று பெரும்பாலும் பார்க்கவில்லை. பிற்காலத்தில் 1893-ல் அந்தப் பாஷையைக் காப்பாற்றுவதற்கென்று ஒரு சங்கம் ஏற்பட்டபோது அதன் தலைவராயிருந்தவர் டக்ளஸ் ஹைட் என்ற ஒரு புராட்டஸ்டண்ட் பாதிரியின் மகன் என்பதையும் இங்கே ஞாபகப்படுத்த ஆசைப்படுகின்றோம். பாஷைக்கு மதமில்லை என்பதற்கு இதைவிட வேறு சாட்சி வேண்டியதில்லை.

1922-ல் சுயராஜ்யம் வந்தது. வந்த உடனே புதிய சர்க்கார் செய்த காரியங்களில் ஒன்று, எல்லா ஆரம்பப் பள்ளிக்கூடங்களிலும் ஐரிஷைக் கட்டாயமாக்கியது. அடிமையாக இருந்தபோது இங்கிலீஷைக் கட்டாயப்படுத்திய அதே பள்ளிக்கூடம், சுதந்திரம் வந்தபிறகு ஐரிஷைக் கட்டாயப்படுத்த ஆரம்பித்தது. அதன் பலனை இன்று பார்க்கலாம். 2022-ம் வருஷத்து ஜனக்கணக்குப்படி, தங்களுக்கு ஐரிஷ் பேச வரும் என்று சொல்லிக் கொண்டவர்கள் 18,73,997 பேர். அதாவது நூற்றுக்கு நாற்பது பேர். இவர்களில் பள்ளிக்கூடத்துக்கு வெளியே தினந்தோறும் அதைப் பேசுகின்றவர்கள் எத்தனை பேர் என்றால், 71,968 பேர்! ஐம்பது லட்சத்துக்கு மேற்பட்ட ஜனங்களில் இவ்வளவுதான். நூறு வருஷ காலம் ஒவ்வொரு பிள்ளைக்கும் கட்டாயமாகப் புகட்டியதற்குக் கண்ட பலன் இது. சாதாரணப் பள்ளிக்கூடங்களில் 1999-ம் வருஷத்துப் பாடத்திட்டப்படி இரண்டாம் பாஷைக்கு வாரத்துக்கு மூன்றரை மணி நேரமும், சின்னஞ்சிறு வகுப்புகளில் இரண்டரை மணி நேரமும் ஒதுக்கினார்கள். எட்டு வருஷத்துக்குக் கணக்குப் பார்த்தால் பிள்ளை ஒன்றுக்கு ஆயிரம் மணிக்குக் கொஞ்சம் குறைவாக வருகின்றது. ஆயிரம் மணி நேரம் உட்கார்ந்து கற்றுக் கொண்டும் கடைக்குப் போய் ஒரு ரொட்டி வாங்குகின்ற அளவுக்கு நாக்குப் புரளாத பிள்ளைகள் ஏராளம். பரீட்சைக்கென்று நெட்டுருப் போட்டு, பரீட்சை முடிந்ததும் மறந்துபோகின்ற பாஷைக்கும், அர்த்தம் தெரியாமல் முணுமுணுக்கின்ற மந்திரத்துக்கும் என்ன வித்தியாசம் என்று கேட்கின்றோம்.

சர்க்கார் கட்டாயத்தால் நடக்காததைச் செய்து காட்டுகின்றோம் என்று பெற்றோர்கள் சிலர் புறப்பட்டதுதான் நாம் இப்போது பேச வந்த ஐரிஷ்வழிப் பள்ளிக்கூடங்கள். 1970-ம் வருஷ வாக்கில் ஐரிஷ் பேசும் பிரதேசங்களுக்கு வெளியே இப்படிப்பட்ட ஆரம்பப் பள்ளிக்கூடங்கள் விரல்விட்டு எண்ணத்தக்கவையாயிருந்தன. இன்று தென் அயர்லாந்தில் மாத்திரம் சுமார் நூற்றைம்பது இருக்கின்றன. ஐரிஷ் பேசும் பிரதேசத்துப் பள்ளிக்கூடங்களையும் சேர்த்துப் பார்த்தால் ஆரம்பப் பள்ளிப் பிள்ளைகளில் நூற்றுக்கு எட்டுப்பேர் அளவில் ஐரிஷிலேயே படிக்கின்றார்கள். இவற்றில் பெரும்பாலானவற்றை ஆரம்பித்தவர்கள் மந்திரிகளோ பிஷப்புகளோ அல்ல; தங்களுக்குச் சரியாக ஐரிஷ் வராத தாய் தகப்பன்மார்களேயாகும்.

இனிக் கணக்குக்கு வருவோம். தென் அயர்லாந்தில் ஆரம்பப் பள்ளிக்கூடத்துக்குச் சர்க்கார் பணம் இரண்டு வழியாகப் போகின்றது. உபாத்தியாயர் சம்பளம் நேராகக் கல்வி இலாகாவிலிருந்து போகின்றது. விளக்கு, கணப்பு, துப்புரவு, காகிதம் முதலிய அன்றாடச் செலவுகளுக்குத் தலைக்கு இவ்வளவு என்று ஒரு மானியம் போகின்றது. இந்தத் தலைமானியம் சில வருஷங்களுக்குமுன் பிள்ளை ஒன்றுக்கு 183 யூரோவாக இருந்தது. 2025-ல் 224 யூரோ. இதில் ஐரிஷில் படிக்கின்ற தலை என்றும் இங்கிலீஷில் படிக்கின்ற தலை என்றும் வித்தியாசமில்லை. விசேஷ வகுப்புகளில் படிக்கின்ற குறைபாடுள்ள பிள்ளைகளுக்கு அதிக மானியமுண்டு, அது வேண்டியதே. 2023 முதல் ஆரம்பப் பள்ளிப் பிள்ளைகள் எல்லோருக்கும் புஸ்தகம் இலவசமாகக் கொடுக்கின்றார்கள். அதிலும் பாஷைப் பாகுபாடு இல்லை.

பின்னே எங்கேதான் சலுகை இருக்கின்றது என்றால், முன்பு இருந்தது. ஐரிஷ் மூலம் போதிக்கின்ற உபாத்தியாயர்களுக்குச் சம்பளத்துக்கு மேல் ஒரு தனிப்படி கொடுத்து வந்தார்கள். சர்க்கார் கஜானா வறண்டுபோன காலத்தில், 2012 முதல், புதிதாக வேலைக்கு வருகின்றவர்களுக்கு அதை நிறுத்திவிட்டார்கள். அந்தக் காலத்தில் செலவைக் குறைக்க வழி சொல்வதற்கென்று ஏற்பட்ட மெக்கார்த்தி குழு 2009-ல் ஐரிஷ் பிரதேசங்களுக்காக இருந்த இலாகாவையே கலைத்துவிட வேண்டுமென்று சிபாரிசு செய்தது என்பதைப் பார்த்தால், "வாரிக் கொடுக்கின்றார்கள்" என்ற பேச்சின் யோக்கியதை விளங்கும். அப்படியிருக்க, இன்றைக்கும் பழைய பாட்டையே பாடிக் கொண்டிருப்பது முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கின்ற வேலையேயாகும்.

இன்னொரு விஷயம். ஒரு ஊரில் நூறு பிள்ளைகள் இருக்கின்றார்கள் என்று வைத்துக் கொள்ளுவோம். அவர்களில் முப்பது பேர் ஐரிஷ் பள்ளிக்கூடத்துக்குப் போகின்றார்கள். அந்த முப்பது பேருக்கும் சர்க்கார் செலவழிக்கின்றது என்று கூச்சல் போடுகின்றவர்கள், அவர்கள் அங்கே போகாவிட்டால் எங்கே போவார்கள் என்பதை யோசிப்பதில்லை. கல்வியே வேண்டாமென்று மாடு மேய்க்கப் போய்விடுவார்களா? அந்த முப்பது பேருக்கும் சாதாரணப் பள்ளிக்கூடத்தில் உபாத்தியாயர் போடத்தான் வேண்டும். பெஞ்சு போடத்தான் வேண்டும். ஆகவே அதிகச் செலவு என்று சொல்லத்தக்கது அந்த முப்பது பேருக்கு ஆகின்ற மொத்தச் செலவல்ல. தனியாக ஒரு பள்ளிக்கூடம் நடத்துவதால் மேற்கொண்டு ஆகின்ற செலவு மாத்திரந்தான். அந்த மேல்செலவு இல்லையென்று நாம் சொல்ல வரவில்லை. ஒரு தலைமை உபாத்தியாயருக்குப் பதில் இரண்டு பேர் வேண்டும். ஒரு கூரைக்கு இரண்டு கூரை வேண்டும். சின்னப் பள்ளிக்கூடமானால் வகுப்பில் பிள்ளைகள் குறைவாக இருந்தாலும் உபாத்தியாயர் ஒருவர் இருந்தே தீரவேண்டும். இதனால் சராசரி போட்டுப் பார்க்கின்றபோது தலைக்கு அதிகச் செலவு ஆனதுபோல் தோன்றும். ஆனால் இது பாஷையின் விலையல்ல. சின்னப் பள்ளிக்கூடத்தின் விலை. மலையோரத்திலும் தீவுகளிலும் இரண்டு உபாத்தியாயர்களை வைத்துக் கொண்டு இங்கிலீஷில் நடக்கின்ற கத்தோலிக்கப் பள்ளிக்கூடத்துக்கும் இதே விலைதான். அதைப்பற்றி ஒருவரும் "வாரிக் கொடுக்கின்றார்கள்" என்று சொல்லக் காணோம்.

மெய்யாகவே பாஷைக்கென்று ஆகின்ற அதிகச் செலவும் சில உண்டு. கோடிக்கணக்கான பேர் படிக்கின்ற இங்கிலீஷில் கணக்குப் புஸ்தகம் அச்சிடுவதற்கும், சில ஆயிரம் பிள்ளைகள் மாத்திரம் வாங்கக்கூடிய ஐரிஷில் அச்சிடுவதற்கும் விலை ஒன்றாயிருக்க முடியாது. பேச்சுக் குறைபாடுள்ள பிள்ளையைப் பரீட்சிக்க ஐரிஷில் கருவிகள் வேண்டும். அதைத் தெரிந்த வைத்தியர் வேண்டும். வீட்டில் இங்கிலீஷ் பேசுகின்ற பிள்ளை நான்கு வயதில் ஐரிஷ் வகுப்பில் வந்து உட்காருவதற்குமுன் ஒரு பாலர் பள்ளி வேண்டும். இவைகளுக்குக் கொடுப்பது சலுகையல்ல. நொண்டிக்கு ஊன்றுகோல் கொடுப்பதைப் பார்த்துவிட்டு, எனக்கும் ஒரு கோல் கொடு, இல்லாவிட்டால் அவன் கோலைப் பிடுங்கு என்று கேட்பது யோக்கியமாகாது. 2016-ல் வெளியிட்ட ஒரு திட்டத்தின்படி ஐரிஷ் பிரதேசத்துப் பள்ளிக்கூடங்களுக்குப் பாஷைக்கென்று அதிகப்படி உபாத்தியாயர் நேரமும் மானியமும் கொடுத்து வருகின்றார்கள். அதே பாஷையில் நடக்கின்ற நகரத்துப் பள்ளிக்கூடங்களுக்கு அந்தத் திட்டம் பொருந்தாது. ஆகவே ஐரிஷ்காரர்களே ஐரிஷ்காரர்களைப் பார்த்துப் பொறாமைப்படும்படியான நிலையும் இருக்கின்றது.

நிற்க, மேலே சொன்ன அந்தப் பெரிய செலவுக்கு வருவோம். தென் அயர்லாந்தில் உள்ள ஆரம்பப் பள்ளிக்கூடங்கள் சுமார் மூவாயிரத்துக்குச் சற்று மேல். இவற்றில் பத்துக்கு ஒன்பது பங்குக்குக் கிட்டத்தட்ட கத்தோலிக்க பிஷப்புகளின் அதிகாரத்தில் இருக்கின்றன. சம்பளம் சர்க்காருடையது, தலைமானியம் சர்க்காருடையது, கட்டடத்துக்குப் பணமும் பெரும்பாலும் சர்க்காருடையது. ஆனால் பள்ளிக்கூடத்தின் "புரவலர்" பிஷப். ஊரான் வீட்டு நெய்யே, என் பெண்டாட்டி கையே என்பது இதுதான். தினம் அரைமணி நேரம் வீதம் வாரத்துக்கு இரண்டரை மணி நேரம் மதப் பாடம். 2023-ல் வந்த புதிய திட்டத்தில் அதை இரண்டு மணியாகக் குறைத்திருக்கின்றார்கள். குறைத்ததற்கே சங்கடப்படுகின்றவர்கள் இருக்கின்றார்கள். பழைய கணக்குப்படி எட்டு வருஷத்தில் பிள்ளை ஒன்றுக்கு எழுநூறு மணி நேரத்துக்கு மேல்! ஞானோபதேசம் சொல்லிக் கொடுப்பதும், முதல் நற்கருணைக்குப் பிள்ளைகளைத் தயார் செய்வதும், வரிப்பணத்தில் சம்பளம் வாங்குகின்ற உபாத்தியாயரின் வேலை. மதப் போதனையே பள்ளிக்கூடத்தின் பாடங்களில் தலைசிறந்தது என்று 1965-ம் வருஷத்து விதி ஒன்று சொல்லிக் கொண்டிருந்தது. அதை எடுத்தது எப்போது தெரியுமா? 2016-ல்! மதப் பாடம் வேண்டாமென்கின்ற பெற்றோர் தங்கள் பிள்ளையை அதிலிருந்து விலக்கிக் கொள்ளலாம் என்று அரசியல் சட்டத்தில் இருக்கின்றது. விலக்கிக் கொண்ட பிள்ளை எங்கே போவது? பெரும்பாலும் அதே வகுப்பில் பின் பெஞ்சியில் உட்கார்ந்து, மற்றவர்கள் ஜெபம் செய்வதைக் கேட்டுக் கொண்டு படம் வரைந்து கொண்டிருக்க வேண்டியதுதான்.

இதைவிட ஒரு பெரிய அக்கிரமம் 2018 வரையில் இருந்து வந்தது. இடம் போதாத கத்தோலிக்கப் பள்ளிக்கூடத்தில் ஞானஸ்நானம் பெற்ற பிள்ளைக்கு முதலிடம் என்பதாக ஒரு வழக்கம். பள்ளிக்கூடத்தில் இடம் பிடிப்பதற்காகவே, கோவில் பக்கம் போகாத பெற்றோர்கள்கூட பிள்ளை தலையில் தண்ணீர் தெளிக்கச் சம்மதித்தார்கள். சர்க்கார் பணத்தில் மதமாற்றம் என்று நம் நாட்டில் சிலர் கூச்சல் போடுகின்றார்களே, அவர்கள் இதை என்னவென்று சொல்லுவார்களோ தெரியவில்லை. 2018-ம் வருஷத்துச் சட்டம் கத்தோலிக்கப் பள்ளிக்கூடங்களின் இந்த வழக்கத்துக்கு முற்றுப்புள்ளி வைத்தது. ஆகவே, எட்டுப்பேர் படிக்கின்ற ஐரிஷ் பள்ளிக்கூடத்தின் மேல்செலவைப் பூதக்கண்ணாடி வைத்துப் பார்க்கின்றவர்கள், தொண்ணூறு பேருக்கு நடக்கின்ற இந்தப் பூசைச் செலவைப்பற்றி ஏன் வாய் திறப்பதில்லை என்று கேட்கின்றோம்.

இங்கே ஐரிஷ் அபிமானிகளையும் நாம் சும்மா விடுவதற்கில்லை. அவர்கள் 1993-ல் தங்கள் பள்ளிக்கூடங்களுக்கென்று ஒரு புரவலர் ஸ்தாபனத்தை ஏற்படுத்திக் கொண்டார்கள். பிஷப்பின் கையிலிருந்து தப்புவதற்கு அது ஒரு நல்ல வழி. ஆனால் அந்த ஸ்தாபனத்தின் கீழேயே கத்தோலிக்கப் பள்ளிக்கூடங்களும் இருக்கின்றன. பலமதப் பள்ளிக்கூடங்களும் இருக்கின்றன. பாஷைக்காகத் தனிப் பள்ளிக்கூடம் வேண்டுமென்று போராடி வாங்கினவர்கள், வாங்கின பிறகும் பாதிரிக்கு ஒரு நாற்காலி போட்டு வைப்பானேன்? ஐரிஷ் என்றால் கத்தோலிக்கம், கத்தோலிக்கம் என்றால் ஐரிஷ் என்ற பழைய மூடநம்பிக்கை இன்னும் முழுதும் போகவில்லை என்பதைத்தான் இது காட்டுகின்றது.

ஐரிஷ் பள்ளிக்கூடங்கள் பணக்காரர்கள் பள்ளிக்கூடங்கள், அந்நிய தேசத்திலிருந்து வந்தவர்களின் பிள்ளைகளை வெளியே நிறுத்துவதற்குச் சாமர்த்தியமாகக் கண்டுபிடித்த வேலி என்று ஒரு குற்றச்சாட்டும் உண்டு. இதை முழுப் பொய் என்று தள்ளிவிட நாம் தயாராயில்லை. டப்ளினில் பாலிமன் போன்ற தொழிலாளர்கள் வாழ்கின்ற பகுதியிலும் ஐரிஷ் பள்ளிக்கூடம் ஐம்பது வருஷத்துக்கு மேலாக நடந்து வருகின்றது என்பது உண்மையே. ஆனால் மேலே சொன்ன 2018-ம் வருஷத்துச் சட்டமே, ஐரிஷ் நன்றாகப் பேசுகின்ற பிள்ளைக்கு ஐரிஷ் பள்ளிக்கூடத்தில் முதலிடம் கொடுக்கலாமென்று அனுமதிக்கின்றது. மேற்குக் கரையில் தலைமுறை தலைமுறையாக ஐரிஷ் பேசி வருகின்ற மீன்பிடிப்பவன் பிள்ளைக்கு இது நியாயந்தான். நகரத்தில் அப்படியல்ல. தகப்பன் காலேஜில் ஐரிஷ் படித்தவன் என்பதற்காகப் பிள்ளைக்கு இடமும், தகப்பன் போலந்திலிருந்தோ நைஜீரியாவிலிருந்தோ வந்து துப்புரவு வேலை செய்கின்றவன் என்பதற்காகப் பிள்ளைக்கு இடமின்மையும் ஏற்படுமானால், அது பிறவியினால் வருகின்ற தகுதிக்கு வேறொரு பெயர்தானே தவிர வேறல்ல. வேதம் ஓதத் தெரிந்தவன் பிள்ளைக்குத்தான் வேதம் என்று சொன்னவர்களை நாம் வெகுகாலமாக அறிவோம்.

மற்றொரு பக்கம் இங்கிலீஷ் அபிமானிகள், ஐரிஷில் படிக்கின்ற பிள்ளைகள் இங்கிலீஷில் மக்காகிவிடுவார்கள் என்று பயமுறுத்தி வந்தார்கள். 2007-ல் கல்வி இலாகாவே, முதல் வகுப்பிலேயே தினம் அரைமணி நேரம் இங்கிலீஷ் நடத்தியாக வேண்டும் என்று ஒரு சுற்றறிக்கை விட்டுப் பார்த்தது. வழக்கு வந்தது, பிறகு சுற்றறிக்கையைத் திரும்ப வாங்கிக் கொண்டார்கள். 2010-ல் நடந்த பரீட்சையிலோ இந்தப் பிள்ளைகள் இங்கிலீஷ் வாசிப்பில் தேச சராசரிக்கு மேலேயே இருந்தார்கள். வசதியுள்ள வீட்டுப் பிள்ளைகள் அதிகமாயிருந்ததும் அதற்கு ஒரு காரணமாக இருக்கலாம் என்பதையும் சொல்லிவிடுகின்றோம். எப்படியும் மக்காகவில்லை என்பது நிச்சயம்.

இனி வட அயர்லாந்துக்குப் போவோம். அது இன்னும் பிரிட்டிஷ் ஆட்சியின் கீழ் இருக்கின்ற பகுதி. அங்கே ஐரிஷ் என்றாலே சிலருக்கு மாடு சிவப்புத் துணியைக் கண்ட மாதிரி. கோர்ட்டில் இங்கிலீஷ் தவிர வேறு பாஷை கூடாதென்று 1737-ல் போட்ட சட்டத்தை எடுப்பதற்கு 2022-ல்தான் சட்டம் செய்தார்கள் என்றால் மற்றதை நீங்களே யோசித்துக் கொள்ளலாம். பெல்ஃபாஸ்ட் நகரத்தின் மேற்குப் பாகத்தில் ஷாஸ் ரோடு என்ற இடத்தில் சில குடும்பங்கள் சேர்ந்து, நிலம் வாங்கி வீடு கட்டி, ஐரிஷிலேயே பிள்ளைகளை வளர்த்தார்கள். 1971-ல் ஒன்பது பிள்ளைகளோடு ஒரு பள்ளிக்கூடம் ஆரம்பித்தார்கள். சர்க்கார் அதைப் பள்ளிக்கூடமென்று ஒப்புக் கொள்ளவில்லை. ஒரு காசும் கொடுக்கவில்லை. பெற்றோர்கள் வசூல் செய்த பணத்தினாலேயே நடந்தது. 1984-ல்தான் மானியம் கிடைத்தது. பதின்மூன்று வருஷம்! அந்தப் பதின்மூன்று வருஷமும் அந்தப் பெற்றோர்கள் மற்றவர்களைப் போல வரி கொடுத்துக் கொண்டுதான் இருந்தார்கள். மற்றவர்கள் பிள்ளைகளின் படிப்புக்கு இவர்கள் பணம் போயிற்று. இவர்கள் பிள்ளைகளின் படிப்புக்கு ஒருவர் பணமும் வரவில்லை. யாருக்கு யார் கடன்பட்டவர்கள் என்பதைக் கணக்குப் பார்க்கின்றவர்கள் இதையும் பேரேட்டில் எழுதிக் கொள்ள வேண்டும்.

1998-ல் சமாதான ஒப்பந்தம் ஏற்பட்டபோது, ஐரிஷ்வழிக் கல்வியை ஊக்கப்படுத்தி அதற்கு வசதி செய்து கொடுப்பது கல்வி இலாகாவின் கடமை என்று சட்டமாக்கினார்கள். சட்டத்தில் இருந்துவிட்டால் போதுமா? 2011-ல் ஐரிஷ் உயர்தரப் பள்ளிக்கூடம் ஒன்றுக்குப் பிள்ளைகள் வந்துபோக வண்டி வசதி வேண்டுமென்ற வழக்கில், அந்தக் கடமை வெறும் ஆசை வார்த்தையல்ல, காரியத்தில் நடத்த வேண்டியது என்று ஹைக்கோர்ட்டு சொல்ல வேண்டியதாயிற்று. 2016 டிசம்பர் 23-ந் தேதி, கிறிஸ்துமஸுக்கு இரண்டு நாள் முன்னதாக, ஏழைப் பிள்ளைகள் ஐரிஷ் பிரதேசத்துக்குப் போய்ப் பாஷை கற்றுக் கொள்வதற்கென்று இருந்த சுமார் 50,000 பவுன் உதவித் தொகையை ஒரு மந்திரி வெட்டினார். ஒரு சர்க்காருக்கு 50,000 பவுன் ஒரு பணமா? கிளம்பிய ஆத்திரத்தைப் பார்த்து, மூன்று வாரத்துக்குள் திரும்பக் கொடுத்தார்கள். அதற்குள் வேறு ஊழல் விவகாரத்தோடு இதுவும் சேர்ந்து மந்திரி சபையே கவிழ்ந்தது. மூன்று வருஷ காலம், 2020 ஜனவரி வரையில், அங்கே சட்டசபை நடக்கவில்லை. சிக்கனத்துக்காக வெட்டினதாகச் சொன்ன பணத்தால் வந்த சிக்கனம் இது!

வடக்கில் ஐரிஷில் படிக்கின்ற பிள்ளைகள் ஏழாயிரத்துக்கு மேலிருக்கின்றார்கள். பள்ளிக்கூடங்களுக்குப் பணம் பங்கிடுகின்ற சூத்திரத்தில் ஐரிஷ் பள்ளிக்கூடங்களுக்கென்று ஒரு சிறு பங்கு சேர்த்திருக்கின்றார்கள். இதைக் காட்டித்தான் "விசேஷச் சலுகை" என்கின்றார்கள். ஆனால் அந்த நாட்டிலே மெய்யான வீண்செலவு எது? கத்தோலிக்கப் பிள்ளைக்கு ஒரு பள்ளிக்கூடம், புராட்டஸ்டண்ட் பிள்ளைக்கு ஒரு பள்ளிக்கூடம் என்று ஒரே ஊரில் ஒரே தெருவில் இரட்டைக் கட்டடம் கட்டி, இரட்டைத் தலைமை உபாத்தியாயர் வைத்து நடத்துவதல்லவா? இரண்டிலும் இங்கிலீஷ்தான், இரண்டிலும் அதே கணக்கு, அதே பூகோளம். இரு மதத்துப் பிள்ளைகளும் ஒன்றாகப் படிக்கின்ற பள்ளிக்கூடம் 1981-ல்தான் முதன்முதலாக ஏற்பட்டது. இன்றைக்கும் நூற்றுக்குப் பத்துப் பிள்ளைகள்கூட அந்தப் பள்ளிக்கூடங்களில் இல்லை. மதத்துக்காக ஒரு தேசம் முழுவதையும் இரண்டாகப் பிளந்து நடத்துகின்ற செலவு இயற்கையாகத் தோன்றுகின்றது. பாஷைக்காக ஏழாயிரம் பிள்ளைகளுக்கு ஆகின்ற மேல்செலவு கண்ணை உறுத்துகின்றது.

கிழக்குப் பெல்ஃபாஸ்ட் என்பது புராட்டஸ்டண்ட் தொழிலாளர்கள் நிறைந்த பகுதி. அங்கே சில வருஷங்களாக அவர்களே ஐரிஷ் கற்றுக் கொள்ளுகின்றார்கள். தங்கள் முப்பாட்டன்மார்களில் பலர் ஐரிஷ் பேசினவர்கள் என்பதையும், 1795-ல் பெல்ஃபாஸ்டில்தான் ஐரிஷ் பத்திரிகை ஒன்று அச்சாயிற்று என்பதையும் கண்டுகொண்டு, இந்தப் பாஷை எங்களுக்கும் சொந்தம் என்கின்றார்கள். 2021-ல் இரு மதத்தாருக்கும் பொதுவாக ஐரிஷ் பாலர் பள்ளி ஒன்றை அங்கே ஆரம்பிக்கப் போனார்கள். மூன்று வயதுக் குழந்தைகள் ஐரிஷில் பாட்டுப் பாடினால் மதம் போய்விடும், தேசம் போய்விடும் என்று சிலர் துவேஷப் பிரசாரம் கிளப்பி, முதலில் பேசி வைத்திருந்த இடத்தைவிட்டு விரட்டினார்கள். பள்ளி வேறிடத்தில் நடந்தது.

ஐரிஷ் பாஷை தெய்வ பாஷை என்றோ, அது செத்தால் உலகம் அழிந்துவிடும் என்றோ நாம் சொல்ல வரவில்லை. பாஷை மனிதனுக்காகவே ஒழிய மனிதன் பாஷைக்காக அல்ல. விருப்பமில்லாத பிள்ளைக்கு ஆயிரம் மணி நேரம் நெட்டுருப் போட வைப்பதையும், உபாத்தியாயர் வேலைக்கு வருகின்ற ஒவ்வொருவரும் ஐரிஷ் பரீட்சையில் தேறியாக வேண்டுமென்று சொல்லி, அந்நிய தேசத்திலிருந்து வந்தவர்களின் பிள்ளைகளுக்கு அந்த உத்தியோகத்தின் கதவைக் கடினமாக்கி வைத்திருப்பதையும் நாம் ஆதரிக்கவில்லை. ஆனால் விரும்பி வருகின்ற பிள்ளைக்கு, அவன் எந்தப் பாஷையில் படித்தாலும், தலைக்கு ஒரே மானியமும், உபாத்தியாயருக்கு ஒரே சம்பளமும், ஒழுகாத கூரையும் கொடுக்க வேண்டும். அந்தப் பாஷையில் புஸ்தகம் இல்லாத குறைக்கும், பாலர் பள்ளி இல்லாத குறைக்கும், எவ்வளவு ஆகின்றதோ அவ்வளவைக் கணக்கெழுதி, பகிரங்கமாகக் காட்டி, மேற்கொண்டு கொடுக்க வேண்டும். ஊரில் புதுப் பள்ளிக்கூடம் கட்ட இடமில்லையானால், பிள்ளை குறைந்து காலியாகக் கிடக்கின்ற கத்தோலிக்கப் பள்ளிக்கூடங்களில் வரிப்பணத்தில் கட்டின கட்டடம் எத்தனை இருக்கின்றன என்று கல்வி மந்திரி ஒரு ஜாபிதா எடுக்கட்டும். அந்தச் சாவிகளை பிஷப்பிடமிருந்து திரும்ப வாங்குகின்ற காரியத்தைப் பல வருஷங்களாகப் பேசிக் கொண்டுதான் இருக்கின்றார்கள். மாறின பள்ளிக்கூடங்கள் சொற்பம்.